கனலெட்டோ வரைஞ்ச பதுவா நகர வாசல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்த ஓவியம், முதல்ல அதைச் சொல்லுங்க?

இத்தாலியில பதுவானு ஒரு ஊர் இருக்கு, அந்த ஊரோட கிழக்குப் பக்க நகர வாசல்தான் போர்ட்டா போர்டெல்லோ. அதை வெனிஸ்காரர் கனலெட்டோ எண்ணெய் வண்ணத்துல கேன்வாஸ்ல வரைஞ்சிருக்கார், 1741–42 வாக்குல. கிட்டத்தட்ட 62 செ.மீ. உயரம், 109 செ.மீ. அகலம், அதாவது பெருசுனு சொல்ல முடியாது, ரெண்டு கையை விரிச்சா அடங்கிடும். இப்ப வாஷிங்டன்ல நேஷனல் கேலரியில இருக்கு.

படத்துல என்ன இருக்குன்னா, ஊருக்கு வெளிய இருந்து பாக்குற மாதிரி கால்வாய்த் தண்ணி, கரை, கரையில ஆளுங்க, படகுங்க, சாதாரண வீடுங்க, அதுக்கு நடுவுல வெள்ளைக் கல்லுல வெயில் பட்டு நிக்கிற வாசல், மேல பெரிய வானம். அவ்வளவுதான். போர் கிடையாது, ஊர்வலம் கிடையாது, ராஜா வரல. எனக்கு கனலெட்டோ வரைஞ்சதுலயே ரொம்ப பிடிச்சதுல இது ஒண்ணு, அதுக்குக் காரணமும் இதேதான்.

பதுவானா நம்ம அந்தோணியார் ஊரா?

ஆமா, அதே ஊர்தான். பதுவை அந்தோணியார், கோடி அற்புதர்னு சொல்றோமே, புளியம்பட்டி, உவரி, கச்சத்தீவுன்னு நம்ம பக்கம் எத்தனையோ கோவில் இருக்கே அவருக்கு, அவர் 1231ல இறந்தது பதுவா பக்கத்துல, அடக்கம் பண்ணி பேராலயம் கட்டினதும் பதுவாவுலதான். அதனால பேரு நமக்குப் புதுசு இல்ல. அந்த ஊருக்கு இன்னொரு பெருமை, 1222ல ஆரம்பிச்ச பல்கலைக்கழகம். கலிலியோ 1592ல இருந்து 1610 வரைக்கும் அங்கதான் பாடம் எடுத்தார், எலெனா கொர்னாரோ பிஸ்கோபியாங்கிற பொண்ணு 1678ல டாக்டர் பட்டம் வாங்கினதும் அங்கதான். வெனிஸ்ல இருந்து படிக்கவோ, அந்தோணியாரைக் கும்பிடவோ, சரக்கு விக்கவோ படகுல வந்தவங்க இறங்கின இடம் இந்த வாசல். ஓவியத்தைப் பாக்கும்போது இதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க, இது வாசல் மட்டும் இல்ல, படித்துறை.

நகர வாசல்னா கோட்டைக் கதவு மாதிரி முரட்டுத்தனமா இருக்கணுமே, இது ஏன் இவ்வளவு அலங்காரமா இருக்கு?

இது நல்ல கேள்வி, இதுக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும். வெனிஸ் அப்ப தனி நாடு, பதுவா 1405ல இருந்து அதோட கையில இருந்துச்சு. 1509ல ஐரோப்பாவோட பெரிய ஆளுங்க எல்லாம் (போப், பிரான்ஸ், ஸ்பெயின், ஜெர்மன் பேரரசர் மாக்சிமிலியன்) ஒண்ணு சேர்ந்து வெனிஸை அடிச்சாங்க, பதுவா கொஞ்ச நாள் கைவிட்டுப் போச்சு, ஜூலையில வெனிஸ் திரும்பப் பிடிச்சுது, உடனே மாக்சிமிலியன் பெரிய படையோட பீரங்கியோட வந்து முற்றுகை போட்டார், ஊர் விழல, அக்டோபர்ல அவர் திரும்பிப் போயிட்டார். அந்தப் பயத்துல வெனிஸ்காரங்க பதுவாவைச் சுத்தி புதுசா மதில் கட்டினாங்க, சுமார் 11 கிலோமீட்டர். பழைய உயரமான மதில் பீரங்கிக்கு நிக்காதுன்னு தெரிஞ்சுபோச்சு, அதனால தாழ்வா, தடிமனா, நடுநடுவுல கொத்தளம் வச்சு, பர்த்தலோமியோ தால்வியானோங்கிற தளபதி மேற்பார்வையில. மதிலுக்கு வெளிய எதிரி ஒளிய எதுவுமே இருக்கக் கூடாதுன்னு வீடு, மரம், மடம் எல்லாத்தையும் இடிச்சுத் தரைமட்டம் ஆக்கினாங்க. ஊர்க்காரங்களுக்கு அது எவ்வளவு கொடுமையா இருந்திருக்கும்.

அந்த மதில்ல வந்த வாசல்கள்ல ஒண்ணுதான் போர்டெல்லோ. குலியெல்மோ பெர்கமாஸ்கோ வடிவமைச்சு 1519ல கட்டி முடிச்சது. எதிரி வர்ற திசை இது இல்ல, வெனிஸ்ல இருந்து அதிகாரிங்க, பிரபுக்கள், வெளிநாட்டுத் தூதர்கள் வர்ற திசை, அதனால ரோமாபுரி வெற்றி வளைவு மாதிரி தூண் வச்சு இஸ்திரியக் கல்லுல முகப்பு கட்டினாங்க. இஸ்திரியக் கல்னா இன்னைக்கு பெரும்பகுதி குரோஷியாவுல இருக்கிற இஸ்திரியா தீபகற்பத்துல இருந்து கப்பல்ல வந்த வெள்ளைச் சுண்ணாம்புக்கல், உப்புத் தண்ணியையும் ஈரத்தையும் தாங்கும், வெனிஸோட முக்கியமான கட்டடம் எல்லாம் அதுதான். அந்தக் கல்லைப் பாத்த உடனேயே இது வெனிஸ் ஆட்சின்னு வர்றவனுக்குப் புரிஞ்சிடும். மதில் முழுக்க பயத்துல கட்டினது, இந்த முகப்பு மட்டும் பாக்குறதுக்குன்னே, அதுவும் தண்ணியில இருந்து பாக்குறதுக்குன்னே கட்டினது. கனலெட்டோ அதைச் சரியா அந்தப் பக்கத்துல இருந்துதான் பாக்குறார்.

அந்தக் கால்வாய் பிரெண்டா ஆறா?

பெரும்பாலும் பிரெண்டா கால்வாய்னுதான் எழுதுவாங்க, ஆனா வாசலுக்கு முன்னாடி ஓடுறது பியோவேகோ கால்வாய். 1209ல வெட்ட ஆரம்பிச்சது, பதுவாவுல இருந்து ஸ்ட்ரா பக்கம் போய் பிரெண்டாவோட சேரும். அங்க இருந்து தோலோ, மீரான்னு ஊர் ஊரா, மதகு மதகா இறங்கி ஃபுசினாவுல காயலுக்கு (வெனிஸைச் சுத்தியிருக்கிற ஆழமில்லாத கடல் தண்ணி) வந்தா எதிர்ல வெனிஸ்.

அந்தக் காலத்துல எப்படிப் போனாங்க, எவ்வளவு நேரம்?

புர்கியெல்லோன்னு ஒரு பயணிகள் படகு, மரத்துல அறை வச்சு, ஜன்னல் வச்சு, உள்ள உக்காந்து சீட்டு ஆடலாம், சாப்பிடலாம். வெனிஸ்ல இருந்து ஃபுசினா வரைக்கும் துடுப்பு போட்டு இழுத்துட்டு வருவாங்க, அப்புறம் கால்வாய்க்குள்ள வந்ததும் கரையில குதிரை நடக்கும், அதுல கயிறு கட்டி படகை இழுக்கும். ஏறக்குறைய ஒரு முழுப் பகல் ஆயிடும். வழியில ரெண்டு பக்கமும் வெனிஸ் பணக்காரங்களோட கோடை மாளிகைங்க, பல்லாடியோங்கிற கட்டடக்கலைஞர் கட்டின வில்லா ஃபொஸ்காரி, ஸ்ட்ராவுல வில்லா பிசானி. 1786 செப்டம்பர்ல ஜெர்மன் கவிஞர் கெத்தே பதுவாவுல இருந்து இந்த வழியாத்தான் வெனிஸ் போனார், 28ஆம் தேதி சாயங்காலம் முதல் தடவையா வெனிஸைப் பாத்தார்.

பயணிகள் மட்டும் இல்ல, சரக்கும்தான். பதுவா பக்கத்துல எவுகானியக் குன்றுகள்ல வெட்டின ட்ரகைட் கல்லு படகு படகா வெனிஸ் போச்சு, இன்னைக்கு வெனிஸ் தெருவுல நீங்க மிதிக்கிற சாம்பல் நிறக் கல்லு அதுதான். அதோட மாவு, திராட்சரசம், காய்கறி, விறகு. இவ்வளவு நடமாட்டம் இருக்கிற இடம்ங்கிறதாலதான் ஓவியத்துல கரை அழுக்கா, மிதிபட்டு இருக்கு.

கனலெட்டோன்னா யாரு, சுருக்கமா?

நிஜப்பேர் ஜொவான்னி அந்தோனியோ கனால், 1697ல வெனிஸ்ல பொறந்தார், 1768ல அங்கேயே இறந்தார். அப்பா பெர்னார்தோ கனால் நாடக மேடைக்குத் திரைச்சீலை வரையிறவர். பையனும் அதே தொழில்லதான் ஆரம்பிச்சார், 1719–20ல அப்பாவோட ரோம் போய் ஸ்கார்லாத்திங்கிற இசையமைப்பாளரோட ஆப்பெராவுக்கு (இசை நாடகம்) மேடைக் காட்சி பண்ணினாங்க, அதுக்கப்புறம் நாடகத்தை விட்டுட்டு ஊர்க்காட்சி வரைய வந்துட்டார். மேடைக் காட்சி பண்ணினவருக்கு தூரம் எப்படிக் காட்டுறது, கண்ணை எங்க இழுக்கிறதுன்னு கைப்பழக்கமாவே வந்திருக்கும், அவரோட பெர்ஸ்பெக்டிவ் அவ்வளவு சுத்தமா இருக்கிறதுக்கு அதுதான் வேர்னு நான் நினைக்கிறேன்.

அப்போ இங்கிலாந்துல இருந்து பணக்காரப் பசங்க படிப்பு முடிச்சதும் இத்தாலி சுத்த வருவாங்க, ஊருக்குத் திரும்பும்போது வெனிஸ் படம் ஒண்ணு வாங்கிட்டுப் போகணும்னு ஆசை. அதுக்கு ஆர்டர் எடுத்துக் கொடுத்தவர் ஜோசப் ஸ்மித், வெனிஸ்ல குடியிருந்த ஆங்கிலேய வியாபாரி, 1744ல பிரிட்டிஷ் கான்சலும் ஆனார். அவர் சேர்த்து வச்சதை 1762ல ஜார்ஜ் III மன்னர் 20,000 பவுண்டுக்கு வாங்கினார், அதான் இன்னைக்கும் கனலெட்டோ அதிகமா இருக்கிறது பிரிட்டிஷ் அரச குடும்பச் சேகரிப்புல, சுமார் 50 ஓவியம், 140 கோட்டோவியம்.

வெனிஸ்ல வித்துக்கிட்டு இருந்தவர் ஏன் பதுவாவுக்கு வந்து வாசலை வரைஞ்சார்?

1740ல ஆஸ்திரிய வாரிசுரிமைப் போர் ஆரம்பிச்சுது, 1748 வரைக்கும் போச்சு. ஐரோப்பா முழுக்க பாதை ஆபத்தாச்சு, ஆங்கிலேயப் பயணிங்க வரத்து கொறைஞ்சுது, ஆர்டரும் கொறைஞ்சுது. அந்தச் சமயத்துலதான் கனலெட்டோ தன் சகோதரி மகன் பெர்னார்தோ பெல்லோத்தோவைக் கூட்டிக்கிட்டு பிரெண்டா ஓரமா பதுவா வரைக்கும் ஸ்கெட்ச் பண்ணிக்கிட்டே போனார். பையனுக்கு அப்ப 20 வயசு இருந்தாலே அதிகம். இந்தப் பயணத்துல இருந்து பேனா, மையில நிறைய கோட்டோவியம் வந்துச்சு, அப்புறம் செப்புத்தகட்டு அச்சுப் படங்கள் வந்துச்சு (31 படம், ஸ்மித்துக்குச் சமர்ப்பணம்), அதுல தோலோ மதகு, மெஸ்த்ரே, பதுவாவோட பிராத்தோ தெல்லா வாலே சதுக்கம்னு இந்த வழியில வர்ற இடம் எல்லாம் இருக்கு. போர்டெல்லோ ஓவியமும் இந்தக் காலத்துலதான் பொறந்தது.

வியாபாரம் படுத்த நேரம்னு இதைச் சோகமா சொல்றவங்க இருக்காங்க, நான் அப்படிப் பாக்கல. பெருங்கால்வாய், சான் மார்கோ சதுக்கம்னு கேட்டதையே திரும்பத் திரும்ப வரைஞ்சுக்கிட்டு இருந்த கைக்கு இந்த நாலஞ்சு வருஷம் மூச்சு விட இடம் கிடைச்சிருக்கு. யாரும் கேக்காத மதகு, இடிஞ்ச சுவர், துணி காயுற வீடு இதெல்லாம் அவருக்கு இவ்வளவு பிடிக்கும்னு இந்தப் பயணம் இல்லாட்டி நமக்குத் தெரிஞ்சே இருக்காது.

கேமரா வச்சுத்தான் வரைஞ்சார்னு சொல்றாங்களே, அப்ப இது காப்பிதானே?

இந்தக் கேள்வி எல்லா இடத்துலயும் வரும், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன். அவங்க சொல்றது கேமரா அப்ஸ்கூரா. ஒரு பெட்டி, முன்னாடி லென்ஸ், உள்ள சாய்வா கண்ணாடி, எதிர்ல இருக்கிற காட்சி மேல இருக்கிற கண்ணாடித் தட்டுல விழும், அது மேல தாள் வச்சு கோடு போட்டுக்கலாம். வெனிஸ்ல கொர்ரேர் மியூசியத்துல "ஏ. கனால்"னு பேர் எழுதின பெட்டி ஒண்ணு இருக்கு. அவர் அதைப் பயன்படுத்தினார்னு அந்தக் காலத்து ஆளுங்களே எழுதியிருக்காங்க.

ஆனா அந்தப் பெட்டி என்ன கொடுக்கும்? ஒரு குறுகலான துண்டு. கல்லு எந்த இடத்துல வெயில்ல வெளுத்திருக்கு, தண்ணி எப்படி நெளியுது, கரையில நிக்கிறவன் எந்தக் கால்ல பாரம் போட்டு நிக்கிறான், இதெல்லாம் பெட்டி சொல்லாது. வெனிஸ் அக்காதெமியா கேலரியில அவரோட ஸ்கெட்ச் நோட்டு ஒண்ணு இருக்கு, அதுல பாத்தா ஒரே காட்சி நாலஞ்சு பக்கத்துக்குத் தொடர்ந்து ஓடும், ஓரத்துல வீட்டோட நிறம், கடையா வீடான்னு குறிப்பு எழுதி வச்சிருப்பார். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து ஸ்டுடியோவுல உக்காந்து ஒண்ணாச் சேர்த்து, ஒரு கட்டடத்தைக் கொஞ்சம் தள்ளி, இன்னொண்ணோட உயரத்தைக் குறைச்சு, கால்வாயை அகலமாக்கி படத்தைக் கட்டுவார். வெனிஸ்ல அவர் வரைஞ்ச பல காட்சியை நீங்க எந்த இடத்துல போய் நின்னாலும் அப்படியே பாக்க முடியாது, ஏன்னா அது ரெண்டு மூணு இடத்துல இருந்து பாத்ததைச் சேர்த்தது.

அப்ப அவர் படத்தை ஆதாரமா நம்பலாமா?

எதுக்குன்னு கேக்கணும். கட்டடத்தோட அமைப்பு, ஜன்னல் எண்ணிக்கை, சுவர்ல பாசி படிஞ்ச கோடு, இந்த மாதிரி விஷயத்துல அவர் அசாத்தியமா துல்லியம். ஒரு உதாரணம் சொல்லியே ஆகணும், தாரியோ கமுஃபோங்கிற இத்தாலிய விஞ்ஞானி கனலெட்டோவும் பெல்லோத்தோவும் வரைஞ்ச வெனிஸ் மாளிகைகள்ல பச்சைப் பாசிக் கோடு எங்க நிக்குதுன்னு அளந்து, இன்னைக்கு அதே சுவர்ல எங்க நிக்குதுன்னு ஒப்பிட்டு, வெனிஸ் இந்தக் காலத்துக்குள்ள சுமார் 60 செ.மீ. தண்ணிக்குள்ள இறங்கியிருக்குன்னு கணக்குப் போட்டார். சும்மா பாசிதானேன்னு அவர் விட்டிருந்தா இந்தக் கணக்கே இல்ல. தூரம், அகலம், எதுக்குப் பக்கத்துல எது இருக்கு, இதுக்கு மட்டும் கண்ணை மூடிக்கிட்டு நம்பாதீங்க, அங்கதான் அவர் மேடைக்காரரா வேலை பாக்குறார்.

ஓவியத்தைப் பாக்கும்போது எதைக் கவனிக்கணும்?

நேஷனல் கேலரி வெப்சைட்ல பெரிய சைஸ் படம் காசில்லாம டவுன்லோட் பண்ணலாம், அதை எடுத்து ஜூம் பண்ணிப் பாருங்க, போன்ல வேணாம், கம்ப்யூட்டர்ல.

முதல்ல வாசலை விட்டுட்டு ஆளுங்களைப் பாருங்க. கிட்டப் போனா முகமே இருக்காது, நாலு புள்ளி, ஒரு வளைஞ்ச கோடு, தோள்ல ஒரு வெள்ளைப் பொட்டு அவ்வளவுதான், தள்ளி வந்தா வேலை செய்யிற ஆள், வெட்டியா நிக்கிற ஆள், பேசிக்கிட்டு நிக்கிற ரெண்டு பேர் எல்லாம் தனித்தனியாத் தெரிவாங்க. அப்புறம் கட்டடத்தோட கோடு. அவர் ஸ்கேல் வச்சு கூர்மையான ஊசியால கேன்வாஸ்ல கீறிக்கிட்டு, வளைவுக்கு காம்பஸ் வச்சு வரையிற பழக்கம் உள்ளவர், அதனால கல்லு மட்டும் நேரா இறுக்கமா இருக்கும், மண்ணும் காரை பெயர்ந்த சுவரும் கையோட்டமா இருக்கும், ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வரும்போதுதான் கல்லு கல்லா தெரியுது.

அப்புறம் வானம். அந்த நீலம் பிரஷ்யன் நீலம், 1700களோட ஆரம்பத்துல பெர்லின்ல கண்டுபிடிச்ச செயற்கை நிறமி, லாப்பிஸ்ங்கிற விலை உயர்ந்த நீலக் கல்லை அரைச்சு எடுக்கிற நீலத்தை விட ரொம்ப மலிவு. இத்தாலியில அதைச் சீக்கிரமே எடுத்துக்கிட்டவங்கள்ல கனலெட்டோ ஒருத்தர். ஆரம்ப காலத்துல செம்பழுப்பு அடித்தளத்துமேல வரைஞ்சவர் பிற்பாடு வெளிர் நிறத் தளத்துக்கு மாறினார், அதனாலதான் 1730க்கு அப்புறம் வந்த படங்கள்ல பகல் வெளிச்சம் உள்ள இருந்தே வர்ற மாதிரி இருக்கு.

எல்லாத்துக்கும் மேல ஒண்ணு. ஆட்சிக்காரங்க பெருமைக்காகக் கட்டின வாசல் இது, அதை ஓவியர் நடுவுல பெருசா, கம்பீரமா வச்சு மத்ததை எல்லாம் சுத்தம் பண்ணியிருக்கலாம், வாங்குறவங்களும் சந்தோஷப்பட்டிருப்பாங்க. அவர் அப்படிச் செய்யல. வாசலுக்கு உரிய வெளிச்சத்தைக் கொடுத்துட்டு, அதே அக்கறையை மண் கரைக்கும், கூரைக்கும், படகுக்கும் கொடுத்திருக்கார். 220 வருஷமா அந்த வாசல் யாருக்குப் பயன்பட்டுச்சோ அந்த ஜனங்களோடதான் அது படத்துல நிக்குது.

வாசல் இன்னைக்கும் இருக்கா?

இருக்கு. பதுவாவோட வேற சில வாசல்கள் போயிடுச்சு, உதாரணத்துக்கு கோதலுங்கா வாசலை 19ஆம் நூற்றாண்டுல எடுத்துட்டாங்க, ஆனா போர்டெல்லோ நிக்குது, எதிர்ல பாலம், பக்கத்துல தண்ணிக்கு இறங்குற கல் படிக்கட்டு. ஊர்க்காரங்க அந்தப் பகுதியையே போர்டெல்லோன்னுதான் சொல்றாங்க, இன்னொரு பேர் ஓன்யிசாந்தி வாசல். சுத்தி பல்கலைக்கழகத்தோட இன்ஜினியரிங், அறிவியல் துறைகள் இருக்கிறதால எப்பவும் மாணவர் கூட்டம்.

ஆனா துறையோட உயிர் போனது ரயிலால. 1842ல பதுவாவுல இருந்து வெனிஸ் காயல் கரை வரைக்கும் ரயில் வந்துச்சு, 1846ல காயலுக்கு மேல பாலம் போட்டு வெனிஸுக்கே போச்சு, ஒரு பகல் பயணம் ஒண்ணு ரெண்டு மணி நேரம் ஆச்சு, அப்புறம் யார் குதிரை இழுக்கிற படகுல ஏறுவாங்க. 1950கள் கடைசியில ஊருக்குள்ள ஓடின கால்வாயில பெரிய பகுதியை மூடி ரோடு போட்டுட்டாங்க, அது இன்னைக்கு நினைச்சாலும் வருத்தமான முடிவு. போர்டெல்லோ பக்கம் தண்ணி தப்பிச்சுது.

நேர்ல பாக்கணும்னா எப்படிப் போறது?

வெனிஸ்ல இருந்து பதுவாவுக்கு ரயில்ல அரை மணி நேரம் போதும், ஸ்டேஷன்ல இருந்து வாசலுக்கு நடந்தே போயிடலாம், வழியில ஜோத்தோங்கிற பழைய ஓவியர் சுவர்ல வரைஞ்ச ஸ்க்ரோவென்யி சேப்பலும் இருக்கு, அதுக்கு மட்டும் முன்கூட்டியே டிக்கெட் போட்டுக்கோங்க. நேரமும் காசும் இருந்தா வெயில் காலத்துல புர்கியெல்லோ பேர்லயே ஓடுற சுற்றுலாப் படகுல போங்க, வில்லாக்களை நிறுத்தி நிறுத்திக் காட்டிக்கிட்டே போகும், அப்பதான் இந்த வாசல் எந்தக் கண்ணுக்காகக் கட்டினதுன்னு புரியும். தினமும் எல்லாப் பக்கமும் ஓடாது, நாளைப் பாத்துக்கிட்டு புக் பண்ணணும்.

ஓவியம் வாஷிங்டனுக்கு எப்படிப் போச்சு?

சாமுவேல் கிரெஸ்னு அமெரிக்காவுல சின்ன விலைச் சாமான் கடைகள் தொடர்ச்சியா நடத்திப் பெரிய பணக்காரர் ஆனவர், இத்தாலிய ஓவியம் மேல பைத்தியமா இருந்து வாங்கிக் குவிச்சார். அவரும் அவர் அறக்கட்டளையும் சேர்த்த 3,000க்கும் மேற்பட்ட கலைப்பொருள் அமெரிக்கா முழுக்க மியூசியங்களுக்குப் போச்சு, அதுல இது 1961ல நேஷனல் கேலரிக்கு வந்துச்சு. அங்க நுழைவுக் கட்டணம் கிடையாது.

இது பிடிச்சா அடுத்து எதைப் பாக்கலாம்?

பெல்லோத்தோவைத்தான். மாமாவோட பதுவா வந்த அந்தப் பையன் 1747ல ஜெர்மனியில டிரெஸ்டன் போய் அங்க அரசவை ஓவியர் ஆனார், பக்கத்துல பிர்னாங்கிற சின்ன ஊரோட மதில், வாசல், சந்தைன்னு வரிசையா வரைஞ்சார், மாமாவோட படத்தை விட இருட்டும் குளிரும் ஜாஸ்தி, அளவும் ரொம்பப் பெருசு. 1767ல போலந்துல வார்சா போய் 1780ல அங்கேயே இறந்தார். அவர் வரைஞ்ச வார்சா தெருக்காட்சிகள்ல 22 இன்னைக்கு அங்க அரண்மனையில ஒரே அறையில தொங்குது, இரண்டாம் உலகப் போர்ல அந்த ஊர் தரைமட்டமானப்ப பழைய தெருக்களைத் திரும்பக் கட்டினவங்க கையில அளவுப் படங்களோட சேர்த்து இந்த ஓவியங்களும் இருந்துச்சு. கனலெட்டோவோட அச்சுப் படங்கள்ல தோலோ மதகு இருக்கிறதையும் தேடிப் பாருங்க, நிறமே இல்லாம வெறும் கோட்டுல வெயிலைக் கொண்டுவந்திருப்பார்.